டென்ஷனா? மூச்ச மெதுவா விட்டு பாருங்க
பேராக், மலேசியாவுல இருக்குற சுங்கை சிப்புட்ல காலையில பசியாற உக்காந்தா எல்லாருக்கும் ஒரே கததான், காடி (கார்) லோன், ஓட்டி (ஓவர்டைம்), செம்பனை (எண்ணெய்ப் பனை) வெல. டென்ஷனானா ஒடம்புல அட்ரினலின், கார்ட்டிசோல்னு டென்ஷன் ஹார்மோனுங்க ஏறி நெஞ்சு படபடன்னு அடிக்கும், பிரஷர் ஏறும், தெனமும் இதே கதின்னா தூக்கம் போயிரும், இனிப்புநீர் உள்ளவங்களுக்கு சீனியும் எகிறும். நான் மோட்டார் எடுக்கறதுக்கு முன்ன 4 எண்ணி மூச்ச இழுத்து 6 எண்ணி விடுவேன், ஒரு 5 நிமிஷம், விடுற மூச்சு நீளமா இருந்தா துடிப்பு அடங்கும். அப்புறம் சாயங்காலத்துல கோப்பி வேணாங்க, குடிச்ச கஃபீன்ல கிட்டத்தட்ட பாதி 5 மணி நேரம் கழிச்சும் ஒடம்புலயே கெடக்கும் (தே தாரிக், அதான் நொற பொங்க ஆத்துற பால் டீ, அதும் சேத்துதான், மொறைக்காதீங்க). அந்த நேரத்துக்கு ஹேண்ட்ஃபோன வீட்டுல போட்டுட்டு செம்பனை ஓரமா 20 நிமிஷம் நடங்க.