மூதூர் கிழக்கு வயல்வெளிக்கும் பூர்வகுடிக் கிராமங்களுக்கும் முதல் தடவை போகிறவர்களுக்கு

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அது கடலைத் தொடுமுன் பரந்து கிடக்கிற வயல்நிலம் நம் திருகோணமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த வயல்களின் ஓரத்தில், கடலுக்கும் களப்புக்கும் பக்கமாகப் பாட்டாளிபுரம், வீரமாநகர், இளக்கந்தை போன்ற பூர்வகுடிக் கிராமங்கள், அதாவது கரையோர வேடர்களின் கிராமங்கள் உண்டு. நான் நாலு தடவை போய்விட்டேன். முதல் தடவை சரியாக அமையவில்லை. அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. மாதம்

பச்சை பார்க்க வேண்டுமென்றால் தை மாதம். பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தது, தையில் குடலை தள்ளிக் கதிர் வந்து நிற்கும். வேளாண்மை வெட்டுப் பார்க்க மாசி, பங்குனி. மார்கழியில் போகாதீர்கள். மகாவலி பெருகினால் வெருகல் பக்கத்து வீதியில் வெள்ளம் ஏறும்.

2. போகிற வழி

முன்பு கிண்ணியாவில் பாதைக்காக (வாகனங்களையும் ஏற்றிக் கடக்கிற மிதவைப் படகு) காத்து நிற்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் வந்த பிறகு அந்தக் கஷ்டம் இல்லை. பஸ்ஸில் மூதூர் வரை போகலாம், அதற்குப் பிறகு உள்ளே போவது சிரமம். என் விருப்பம் மோட்டார் சைக்கிள்தான். வான் வேண்டவே வேண்டாம். வானில் போனால் கிராமத்துக்குள் பத்துப் பேராக இறங்குவீர்கள், அது பேச்சுக்கு உதவாது.

நேரே கிராமத்துக்குப் போகாமல், முதலில் கிளிவெட்டி, மேன்காமம் பக்கம் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். றோட்டின் இரண்டு பக்கமும் வயல். வரம்பில் நடக்கச் சப்பாத்து உதவாது, சாதாரண றப்பர் செருப்புப் போதும். களவெட்டிக்குள் (சூடடிக்கும் களம்) போனால் அதையும் கழற்றிவிடுங்கள். நெல் பொலியாகக் குவிந்திருக்கும் இடத்தில் செருப்போடு யாரும் நிற்பதில்லை. "எத்தனை மூட்டை வரும்?" என்றும் கேட்காதீர்கள்.

3. யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

நான் தவறியது இங்கேதான்.

முதல் தடவை மாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊரில் ஆள் இல்லை. ஆண்கள் களப்புக்குப் போய்விட்டார்கள், பெண்கள் வயலில் கூலிக்கு. ஒரு வீட்டு முற்றத்தில் ஆச்சி ஒருவர் மட்டும் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிப் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து, சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தார். உள்ளே போய்ப் பிளேன் ரீ ஊற்றி வந்தார். என் உள்ளங்கையில் சீனி வைத்தார். கிளாஸைக் கையில் தந்த பிறகுதான் கேட்டார்: "ஆரைப் பார்க்க வந்தனீங்கள், தம்பி?"

எனக்குப் பதில் இல்லை. ஊரைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ரீயைக் குடித்து முடித்தேன். முற்றத்து மூலையில் இரண்டு நீல வாளிகள், மேலே தட்டால் மூடி இருந்தன. குடிக்கிற தண்ணி இரண்டு நாளைக்கு ஒருதரம்தான் வருகிறது என்றார். எனக்கு ஊற்றிய ரீயும் அதிலிருந்துதான்.

ஆகவே புறப்படுமுன் ஒரு பெயரைத் தேடிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர், கிராம சேவகர், அந்தப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்குத் தெரிந்த வட்ட விதானை (வயல், தண்ணீர்க் காரியம் பார்ப்பவர்), மீன் வாங்கப் போகிற வியாபாரி, யாராக இருந்தாலும் சரி. இரண்டு நாள் முன்னதாகப் போன் பண்ணி, "எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்குக் கஷ்டமில்லை?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில் எப்போதும் பின்னேரம் மூன்றரைதான். இரண்டாம் தடவை அந்த நேரத்துக்குப் போனபோது, முதலில் அதே ஆச்சியின் முற்றத்துக்குத்தான் போனேன். இந்தத் தடவை என்னிடம் பெயர் இருந்தது, ஐந்து லீற்றர் தண்ணீரும் இருந்தது.

4. பேச்சு

இவர்கள் பேசுவது தமிழ். 1911இல் மானிடவியல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் கிழக்குக் கரையோர வேடர்களைப் பற்றி எழுதிய காலத்திலேயே அப்படித்தான். மகியங்கனைப் பக்கத்து வேடர் ஊரான தம்பானையில் காண்கிற வில்லையும் கோடரியையும் இங்கே எதிர்பார்த்துப் போகாதீர்கள், "உங்கட பாஷையில ஏதாவது சொல்லுங்கோ" என்று கேட்காதீர்கள். வேடர் என்ற சொல்லைச் சிலர் பெருமையோடு சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால் கேலிபட்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களாகச் சொன்னால் சொல்லட்டும், நாம் முந்தக்கூடாது.

2006இல் போரால் மூதூர் கிழக்கு மக்கள் எல்லாம் இடம்பெயர்ந்தவர்கள். அதையும் கிண்டிக் கேட்காதீர்கள். பேச விரும்புகிறவர் தானாகப் பேசுவார், அப்போது போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

தேனோ கருவாடோ விற்றால், கேட்ட விலைக்கு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு ரொபி கொண்டுபோகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. கொடுப்பதென்றால் வீட்டுப் பெரியவர் கையில் அரிசியோ சீனியோ கொடுங்கள். படம் எடுத்தால் அடுத்த தடவை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்த ஒரு படத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போன ஒருவரைப் போன் மப் (வரைபடம்) வாய்க்கால் கட்டு வழியாக அனுப்பியிருக்கிறது. மழைக்கு அந்தக் களிமண்ணில் சில்லு புதைந்து, உழவு மெசின்காரர்தான் இழுத்துவிட்டாராம். மப்பை விடுங்கள். மூதூர்ச் சந்தியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இன்னொருவர் இரவு ஏழு மணிக்குத் திரும்பும்போது றோட்டில் யானை நின்றதாக எழுதியிருந்தார். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்றரைக்குப் போனால் ஐந்தரைக்கு எழும்பிவிடுங்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். அப்படியென்றால் அடுத்த தடவை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லி, எந்த நாள் என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள்.