ஓசோன் பட்ட எண்ணெய் வேறு, சிக்கு பிடித்த எண்ணெய் வேறு

திறந்து வைத்த சூரியகாந்தி எண்ணெயில் நாள்பட நாள்பட சிக்கு வாடை ஏறுகிறது. அதே எண்ணெய்க்குள் ஓசோனைக் குமிழ்களாகச் செலுத்தினால் சிறிது நேரத்திலேயே வாடை மாறிவிடுகிறது. இரண்டிலும், கார்பன் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கொழுப்பு அமிலமான லினோலியிக் அமிலம் சிதைகிறது. இரண்டிலும் புல்லைக் கசக்கியது போன்ற நெடியுள்ள ஹெக்சனால் (hexanal) என்ற ஆல்டிஹைடு உண்டாகிறது. ஆகவே நடப்பது ஒரே வினைதான், ஓசோன் அதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தத் துறையில் காணும் பிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த முடிவிலிருந்து கிளைப்பவைதான்.

காற்றில் எண்ணெய் கெடும்போது, இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள கார்பனிலிருந்து முதலில் ஒரு ஹைட்ரஜன் பறிக்கப்படுகிறது. அங்கே தோன்றும் தனி உறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துண்டு) ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்க, வினை சங்கிலியாக நீள்கிறது. ஓசோனுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அது இரட்டைப் பிணைப்பின் மீதே நேராகச் சேர்ந்து நிலையற்ற ஒரு வளையத்தை உண்டாக்குகிறது. அந்த வளையம் உடையும்போது கொழுப்பு அமிலமே இரண்டு துண்டாகி, ஒரு துண்டு ஆல்டிஹைடாகவும் மற்றது கார்பனைல் ஆக்சைடாகவும் பிரிகிறது. இந்த வழியை விளக்கியவர் ஜெர்மானிய வேதியியலர் ருடால்ஃப் கிரீகி. ஓசோனாலும் ஓரளவு தனி உறுப்புகள் உண்டாகின்றன என்பது உண்மையே. ஆனால் அது கிளைவழி, பெருவழி அன்று.

இதை மறந்தால் ஒப்பீடுகள் தடம் மாறும். காற்றில் கெடும் வேகத்தில் லினோலியிக் அமிலம் ஒலியிக் அமிலத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் விரைவானது. ஒலியிக் அமிலத்தில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் இருப்பதால் அந்த நடுக்கார்பன் அதில் இல்லாததே காரணம். அதே விகிதத்தை ஓசோனுக்கும் பொருத்தி, ஒலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய் ஓசோனைத் தாங்கும் என்று எழுதுவது பிழை. ஓசோனுக்கு வேண்டியது ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டுமே. தொழிற்சாலைகளில் அசெலாயிக் அமிலம் தயாரிப்பதே ஒலியிக் அமிலத்தை ஓசோனால் வெட்டித்தான்.

அளவிடும் இடத்தில் நேரும் தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. தையோபார்பிட்யூரிக் அமிலச் சோதனையில் இளஞ்சிவப்பு நிறம் வந்துவிட்டால், கொழுப்பு சங்கிலி வினையால் பெராக்சைடாகியிருக்கிறது என்று குறித்துவிடுகிறார்கள். அந்த நிறத்தைத் தருவது முக்கியமாக மாலண்டைஆல்டிஹைடு. சங்கிலி வினையில் அது கணிசமாக உண்டாக மூன்று இரட்டைப் பிணைப்புகளாவது வேண்டும் என்பதால் லினோலியிக் அமிலம் சொற்பமாகவே தரும். ஓசோனின் கணக்கு வேறு. லினோலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகள் 9, 10 ஆம் கார்பன்களுக்கு இடையிலும் 12, 13 ஆம் கார்பன்களுக்கு இடையிலும் உள்ளன. இரண்டும் வெட்டுப்பட்டால் நடுவில் எஞ்சும் 10, 11, 12 ஆம் கார்பன்கள் சேர்ந்ததே மாலண்டைஆல்டிஹைடு. சங்கிலி வினை ஏதும் நடக்காமலேயே நிறம் வந்துவிடும். ஒலியிக் அமிலமோ முழுதும் வெட்டுப்பட்டுத் தீர்ந்தாலும் அந்த மூன்று கார்பன் துண்டைத் தராது. எனவே இந்தச் சோதனையை மட்டும் நம்பாமல், இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு குறைந்தன என்பதை அயோடின் எண்ணாலும், சங்கிலி வினையின் அடையாளமான இணைந்த டையீன்களை (ஒற்றைப் பிணைப்பு ஒன்றால் மட்டும் பிரிந்து நிற்கும் இரட்டைப் பிணைப்பு இணைகளை) 234 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலாலும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அயோடின் எண் சரிந்தும் 234-இல் பெரிய ஏற்றம் இல்லையென்றால், வெட்டியது ஓசோன்தான் என்று ஐயுறுவதற்குப் போதிய காரணம் உண்டு.

கருவியிலும் கவனம் வேண்டும். மின்னிறக்க ஓசோன் கருவிக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்றைக் கொடுத்தால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடவே வரும். நைட்ரஜன் டைஆக்சைடு தானாகவே சங்கிலி வினையைத் தொடங்கிவைக்கக்கூடியது. இயற்கை ரப்பர் குழாயை இணைத்தால் வளைவுகளில் விரைவில் வெடிப்பு விழும், ஏனெனில் ரப்பரிலும் வெட்டுப்பட இரட்டைப் பிணைப்புகள் நிறைய உள்ளன. டெஃப்லான் குழாயே நல்லது. வெட்டுப்பட்ட துண்டுகள் மீண்டும் சேர்வதால் உண்டாகும் ஓசோனைடு உள்ள கரைசலைச் சூடாக்கி உலர வைக்கவே கூடாது. வெடிக்கும்.

குடுவைச் சோதனையில் செலுத்தும் வாயுவில் கன அளவில் 1 சதவீத ஓசோன் இருந்தால், அது பத்து இலட்சத்தில் 10,000 பங்கு. இந்தியாவின் 8 மணி நேரக் காற்றுத் தர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதாவது பத்து இலட்சத்தில் சுமார் 0.05 பங்கு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 2 இலட்சம் மடங்கு இருக்க, குடுவையில் கண்டதை நகரக் காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது அறிவியல் ஆகாது. கரைப்பானும் அப்படித்தான். நீரில்லாத கரைப்பானில் துண்டுகள் மீண்டும் சேர்ந்து ஓசோனைடாகின்றன. நீர் இருந்தால் ஆல்டிஹைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் மிஞ்சுகின்றன. நுரையீரல் ஈரமானது. அதன் உட்பரப்பைப் பூசியிருக்கும் கொழுப்பின் முதன்மைப் பாஸ்போலிப்பிடில் (பாஸ்பேட் கொண்ட கொழுப்பு வகை) இரட்டைப் பிணைப்பே இல்லை என்பதால், அங்குள்ள கொழுப்பு முழுவதையும் ஓசோனின் இலக்காகக் கணக்கிடுவதும் சரியன்று. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ப்ரையர் 1990-களில் வலியுறுத்தியதும் இதையொட்டியதே: உள்ளே வரும் ஓசோனில் பெரும்பகுதி நுரையீரலின் உட்பரப்பை மூடியுள்ள திரவப் படலத்திலேயே வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது, செல்களை எட்டுபவை பெரும்பாலும் அதன் விளைபொருள்கள்தாம்.

வைட்டமின் ஈ பற்றிய தவறு இன்னும் நுட்பமானது. அந்த வைட்டமின் குறைந்த உணவை உண்ட எலிகள் ஓசோனால் கூடுதலாகப் பாதிக்கப்பட்டதை 1970-களின் ஆய்வுகள் காட்டின. அதைக் கொண்டு, வைட்டமின் ஈ இரட்டைப் பிணைப்பை ஓசோனிடமிருந்து காக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அது தடுப்பது கிளைவழியில் தோன்றும் தனி உறுப்புகளின் சங்கிலியைத்தான். செல் சவ்வில் ஒரு வைட்டமின் ஈ மூலக்கூறுக்கு நூற்றுக்கணக்கான கொழுப்பு மூலக்கூறுகள் இருக்கையில், ஓசோன் முதலில் மோதுவது பெரும்பாலும் ஏதோ ஓர் இரட்டைப் பிணைப்பின் மீதுதான்.