புதிய அபுனைவு நூலைப் பின்பக்கத்திலிருந்து படிப்பது எப்படி

நான் மெய்ப்புப் பார்ப்பவள். அச்சுக்குப் போகும் முன் ஒரு நூலை வரி வரியாகப் பார்ப்பது என் வேலை. நாவல் வந்தால் எழுத்து, ஒற்று, நிறுத்தக்குறி என்று கவனம் போகும். தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு, வரலாற்று ஆய்வு என்று அபுனைவு நூல் வந்தால் கூடவே ஒரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்: இது இவருக்கு எப்படித் தெரியும்? ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவில் பை நிறைய வாங்குகிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியோடு போகவேண்டும் என்று எனக்கு ஆசை. கடையில் நின்றபடியே கேட்டுவிடலாம். அதிக நேரம் ஆகாது.

பின்னட்டைக் குறிப்பு விற்பதற்காக எழுதப்படுவது. அதைத் தாண்டி நேராக உரிமைப் பக்கத்துக்குப் போங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று அங்கே இருக்கும். அட்டை புதிதாக இருந்தாலும் நூல் அறுபது ஆண்டு பழையதாக இருக்கலாம். பழையது நல்லதாகவும் இருக்கும், ஆனால் இடையில் கிடைத்த கடிதங்களும் ஆவணங்களும் அதில் இருக்காது. மொழிபெயர்ப்பு என்றால் மூல மொழி எது, மூல நூல் வந்த ஆண்டு எது, மொழிபெயர்த்தவர் யார் என்று மூன்றையும் தேடுங்கள். பிரெஞ்சிலோ வங்காளத்திலோ எழுதிய நூல் ஆங்கிலம் வழியாக வந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சுருக்கிய பதிப்பு என்றால் அதையும் சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒளிக்கிற பதிப்பாளர் மற்ற பக்கங்களில் கவனமாக இருப்பார் என்று நான் நம்புவதில்லை.

அப்புறம் கடைசிப் பக்கங்கள். குறிப்புகள், துணைநூல் பட்டியல், பெயரடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற அகரவரிசைப் பட்டியல்). தமிழில் பல நல்ல நூல்களுக்குக்கூடப் பெயரடைவு இருப்பதில்லை. அதைத் தயாரிக்க ஆளும் நேரமும் வேண்டும், பக்கமும் கூடும். இருந்தால் அந்த உழைப்பை மதியுங்கள், அதை வைத்தே நூலைச் சோதித்தும் பாருங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேடுங்கள்: உங்கள் ஊர், உங்கள் தொழில், நீங்கள் படித்த ஒரு மனிதர்.

என் ஊர் தூத்துக்குடி. சுதேசி இயக்கத்தைத் தொடும் எந்த நூலிலும் நான் 1908-ஐத்தான் முதலில் பார்ப்பேன். பிப்ரவரி கடைசியில் எங்கள் ஊர் நூற்பாலையான கோரல் மில்லில் வேலைநிறுத்தம், மார்ச் 12-இல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் எழுச்சி, ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. இந்த வரிசை குலைந்திருந்தால் எனக்குத் தெரியாத மற்ற அத்தியாயங்களை எதை நம்பிப் படிப்பது? வரிசை சரியாக இருந்து, கப்பல் கம்பெனியோடு மில் தொழிலாளர்களையும் எழுதியிருந்தால், அந்த நூலை வாங்கிவிடுவேன்.

பெயரடைவு இல்லையென்றால் நடுவில் ஓர் அத்தியாயத்தைத் திறந்து, மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஒரு பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக்கு முன் இருவர் தனியறையில் பேசியதை இவர் எங்கிருந்து எடுத்தார்? கடிதமா, நீதிமன்றப் பதிவா, பத்திரிகைச் செய்தியா, குடும்பத்தார் சொன்னதா? எந்தப் பதிலாக இருந்தாலும் சரி. பதிலே இல்லையென்றால் நீங்கள் படிப்பது பாதி நாவல்.

வாங்கி வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொரு வகையையும் ஒவ்வொரு விதமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. தன்வரலாற்றில் நான் முதலில் கணக்கிடுவது, நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையிலான தூரம். உ.வே.சா. பிறந்தது 1855. அவர் தன் வாழ்க்கையை ஆனந்த விகடனில் வாரத் தொடராக எழுதத் தொடங்கியது 1940-இல். 1942-இல் அவர் மறைந்தபோது தொடர் முடிந்திருக்கவில்லை. எண்பது வயதைக் கடந்தவர் சிறுவயதுப் பாடங்களையும் சாப்பாட்டையும் அவ்வளவு நுணுக்கமாகச் சொன்னால் நம்பலாமா? தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தவர் அவர் என்று தெரிந்தால் நம்பிக்கை கூடுகிறது. வாரத் தொடர் என்று தெரிந்தால் படிக்கும் வேகமும் மாறும். இரண்டு மூன்று அத்தியாயம் படித்து மூடிவைத்தால்தான் அதன் சுவை பிடிபடும். இன்று வரும் பல நூல்களும் தொடராகவோ முகநூல் பதிவாகவோ வந்தவைதான். ஒரே சம்பவம் மூன்று இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதைத் தொகுத்தவர் ஒருமுறைகூட முழுதாகப் படிக்கவில்லை.

நாட்குறிப்பு இதற்கு நேர் எதிர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, காதில் விழுந்த வம்பு எல்லாம் இருக்கும். நாளைக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. தன்வரலாறு எழுதுகிறவருக்கு முடிவு தெரியும், அதற்கேற்பத் தொடக்கத்தை அடுக்கிவிடுவார். அதனால் தன்வரலாற்றில் "அன்றே எனக்குத் தோன்றியது" என்று வரும் இடத்திலெல்லாம் நான் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன்.

வாழ்க்கை வரலாற்றில் குடும்பம் விரும்பாத அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். கடன், சண்டை, கைவிட்ட நண்பர், மனைவி என்ன ஆனார் என்பது. முன்னுரையில் குடும்பத்துக்கு நன்றி சொல்லி, உள்ளே ஒரு மனத்தாங்கல்கூட இல்லையென்றால் அது மாலை மரியாதை. நான் பார்த்த ஒரு கைப்பிரதியில் நாயகரின் தங்கை இறந்த ஆண்டு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது. கேட்டு எழுதினேன். ஆசிரியர் திரும்பப் போய் விசாரித்தார். வீட்டிலேயே இரண்டு விதமாகச் சொன்னார்கள். இரண்டையும் கொடுத்து, யார் எதைச் சொன்னார் என்று அடிக்குறிப்பு போட்டார். அந்த ஓர் அடிக்குறிப்புக்காகவே முழு நூலின் மேலும் எனக்கு மதிப்பு வந்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறவர், தெரியும் என்று சொல்லும் இடத்தில் நம்பத்தக்கவர்.

ஒரு நூலை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள், பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள். வ.உ.சி. தன் வாழ்க்கையைச் செய்யுளாக எழுதியிருக்கிறார். அதே 1908 எழுச்சியைப் பற்றிய ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஆய்வு நூலுக்கு 2024-க்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. முதலில் சம்பந்தப்பட்டவரின் குரல், பிறகு ஆய்வாளரின் நூல், இந்த வரிசையில் படியுங்கள். பெரிய தலைவரின் பார்வைக்கு வெளியே, தெருவில் நின்ற தொழிலாளியும் கடைக்காரரும் ஆய்வில்தான் தென்படுவார்கள்.

கட்டுரைத் தொகுப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டுரையும் எப்போது, எங்கே வெளிவந்தது என்ற தகவல் இருக்கிறதா பாருங்கள், பிறகு நடுவிலிருந்து ஒன்றைக் கடையிலேயே படியுங்கள். பிடித்தால் வாங்குங்கள்.

விலை அதிகம் என்றால் தயங்காமல் நூலகத்துக்குப் போங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் ஒரு படி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு வரவேண்டும். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து முதலில் குறிப்புகளைப் படியுங்கள்.

படித்து முடித்ததும் பென்சில் குறி போட்ட பக்கங்களை ஒருமுறை புரட்டுங்கள். ஆண்டுப் பிழை, ஊர்ப் பெயர்ப் பிழை, உங்கள் தாத்தா சொன்னதற்கு மாறான தகவல் எது இருந்தாலும் பக்க எண்ணும் வரியும் போட்டுப் பதிப்பாளருக்கு எழுதுங்கள். தாத்தா சொன்னது என்றால் அவர் யார், அப்போது எங்கே வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த பதிப்புக்கு உட்காரும்போது மேசைமேல் முதலில் நாங்கள் பிரிப்பது அந்தக் கடிதங்களைத்தான்.