அரசவைத் திரைச்சீலைகளில் குரோடெஸ்க் அலங்காரத்தைப் பார்ப்பது எப்படி?

போலந்து மன்னர் இரண்டாம் சிகிஸ்முண்ட் அகஸ்டஸ் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரஸ்ஸல்ஸில் நெய்வித்து, இன்று கிராக்கோவின் வாவெல் கோட்டையில் உள்ள சித்திரத் திரைச்சீலைகளில், மனித, விலங்கு, இலை உருவங்கள் ஒன்றாய்க் கலந்த குரோடெஸ்க் அலங்காரம் உள்ளவற்றைப் பார்க்கும்போது, முதலில் நடுவே ஒரு நிலைக்கோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபுறமும் உருவங்கள் ஏறக்குறைய கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்திருப்பதும், சிலவற்றின் நடுவில் மன்னரின் பெயரைக் குறிக்கும் 'எஸ்', 'ஏ' எழுத்துகள் பின்னியிருப்பதும் அப்போது புலப்படும்.

அடுத்து, ஓர் உருவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அது எங்கே முடிகிறது என்று தொடருங்கள். இடுப்புவரை மனிதனாக இருப்பது அதற்குக் கீழே இலைச்சுருளாக மாறி, அச்சுருள் தோல்பட்டைபோல் வளைந்த சட்டத்துக்குள் நுழைந்து மறையக்கூடும். நம் கோயில் யாளியைக் கண்டு பழகிய கண்ணுக்கு இக்கலப்பு அந்நியமாகத் தோன்றாது.

1480 வாக்கில் ரோமில், மண்மூடிக் குகைபோலாகியிருந்த பண்டைய ரோமப் பேரரசர் நீரோவின் பொன்மாளிகையில் கண்டெடுத்த சுவரோவியங்களே இவ்வலங்காரத்தின் மூலம். குகையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது.

கடைசியாகக் கீழ்விளிம்பைப் பாருங்கள்: ஒரு கேடயமும் அதன் இருபுறமும் 'பி' (B) எழுத்தும் தென்பட்டால், அது 1528இல் கட்டாயமாக்கப்பட்ட பிரஸ்ஸல்ஸ் முத்திரை.