ராணுவத் தகுதி வரம்பைத் தளர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆள் கிடைக்காதபோது ராணுவங்கள் முதலில் கைவைப்பது தகுதி வரம்பில்தான். வயது வரம்பு ஏறும், மதிப்பெண் இறங்கும், பழைய வழக்குகள் கண்ணில் படாமல் போகும். இவை எல்லாமே ஒரே வகைத் தளர்வு என்று நினைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர 5 அடி 3 அங்குல உயரம் வேண்டும். அதற்குக் குறைந்தவர்களுக்காக 1914 இறுதியில் 'பேன்டம்' (குள்ளக் கோழி இனத்தின் பெயர்) பட்டாலியன்கள் உருவாயின. முதலில் சேர்ந்தவர்களில் சுரங்கத் தொழிலாளர்கள் பலர்; உழைத்து உரமேறிய உடம்பு. உயரம் குறைந்ததால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆனால் போரில் இழந்தவர்களின் இடத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் உடல் வளர்ச்சியே குன்றியவர்கள். 1916 இறுதியில் மருத்துவப் பரிசோதனை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கழிக்க வேண்டியதாயிற்று. பதிவேட்டில் இரு தரப்பாரின் உயரமும் ஒன்றுதான்.

அடுத்தது, 'உள்ளே வரட்டும், பயிற்சியில் சரிசெய்துகொள்ளலாம்' என்ற நம்பிக்கை. வியட்நாம் போரின்போது, 1966ல், அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாரா தேர்வு மதிப்பெண் வரம்பைத் தளர்த்தி 'ஒரு லட்சம் திட்டம்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். ஏழை இளைஞர்களுக்கு இது முன்னேறும் வழி என்றார். 1971க்குள் சுமார் மூன்றரை லட்சம் பேர் சேர்ந்தார்கள். சொன்ன சிறப்புப் பயிற்சியோ சிலருக்குத்தான் கிடைத்தது. ரேடார், மின்னணுவியல் மாதிரிப் பிரிவுகளுக்கு அதிக மதிப்பெண் தேவை. அப்புறம் இவர்களுக்கு என்ன மிஞ்சும்? மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் காலாட்படை மாதிரிப் போர்ப் பிரிவுகளுக்குத்தான் போனார்கள். மற்றவர்களைவிட இவர்களில் இறந்தவர்களின் விகிதம் அதிகம். பிழைத்துத் திரும்பியவர்களும், ராணுவத்துக்கே போகாத அதே தரத்து ஆட்களைவிட வருமானத்தில் முன்னேறியிருக்கவில்லை.

சேர்ந்த தலைகளை எண்ணி அதைப் பலம் என்று சொல்வதும் தவறு. அமெரிக்கக் கணக்குப்படி உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் முதல் மூன்றாண்டுப் பணியை முடிக்கிறார்கள். பாதியில் படிப்பை விட்டவர்களில் சுமார் பாதிப்பேர்தான். போகிறவர்களுக்குச் செலவழித்த பயிற்சியும் பயிற்சியாளரின் நேரமும் திரும்ப வராது.

சரி, மதிப்பெண்ணே எல்லாமா? அப்படி நினைப்பதும் தவறுதான். 1976 முதல் 1980 வரை அமெரிக்காவில் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கிடுவதில் ஒரு பிழை நேர்ந்தது. தகுதி பெறாத லட்சக்கணக்கானவர்கள், யாரும் நினைக்காமலேயே, உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களில் கணிசமானவர்கள் ஒழுங்காகப் பணி முடித்துப் போனார்கள்.

வரம்பை இறக்குவதற்குப் பதில் ஆளை அந்த வரம்பு வரை ஏற்றுவது இன்னொரு வழி. 2022ல் 60,000 பேர் தேவைப்பட்ட அமெரிக்கத் தரைப்படைக்கு 15,000 பேர் குறைந்தார்கள். அந்த ஆகஸ்டில், மதிப்பெண்ணிலோ உடற்கொழுப்பிலோ சற்றே பின்தங்கியவர்களுக்கு 90 நாள் வரையிலான முன்பயிற்சியை ஃபோர்ட் ஜாக்சன் ராணுவத் தளத்தில் தொடங்கினார்கள். தேறினால்தான் அடிப்படைப் பயிற்சிக்குப் போகலாம், தேறாதவர் வீட்டுக்கு.