தலைசுற்றலும் வாந்தியுமா? எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பாருங்கள்

தலை சுற்றி வாந்தி வந்தால் நம் வீடுகளில் முதல் பழி பித்தத்துக்கு, அடுத்தது பிரஷருக்கு. உண்மையில் பல பேருக்குக் கோளாறு உள்காதில்தான். அங்கிருந்து போகும் சமநிலைச் செய்தி குழம்பினால் மூளை வாந்தியையும் கிளப்பிவிடும்.

படுக்கையில் புரண்டாலோ, பரணை அண்ணாந்து பார்த்தாலோ அறையே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா? உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள், தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் நழுவியிருக்கும். காதடைப்பு, இரைச்சலுடன் 20 நிமிடம் முதல் சில மணி நேரம் சுற்றினால் மெனியர் நோயாக இருக்கலாம். நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் காது நரம்பு அழற்சியாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலைவலி இல்லாமலும் சுற்றலாம். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால் நீர்ச்சத்துக் குறைவையும் பிரஷர் மாத்திரையின் அளவையும் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

துகள் நழுவியதற்கு மருந்தைவிட, தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளைக் குழாயிலிருந்து வெளியேற்றும் எப்ளி பயிற்சிதான் கை கொடுக்கும். கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் செய்யக்கூடாது. எந்தக் காது என்பதை முதல் தடவை டாக்டரே பார்த்துச் சொல்லட்டும். வலது காது என்றால், கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்புங்கள். தோளுக்கடியில் தலையணை வரும்படி சட்டென மல்லாந்து படுங்கள். தலை சற்றுப் பின்னால் தொங்கட்டும். சுற்றல் நின்ற பிறகும் 30 விநாடி அப்படியே இருங்கள். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி 30 விநாடி. பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்க இன்னொரு 30 விநாடி. மோவாயைத் தாழ்த்தி மெல்ல எழுந்து உட்காருங்கள். நடுவில் சுற்றுகிறதே என்று பயந்து தலையைத் தூக்கிவிட்டால் இது பலிக்காமல் போகலாம். துகள் வந்த வழியே திரும்பிவிடக்கூடும்.

தலைசுற்றல் மாத்திரை குமட்டலை அடக்குமே தவிர துகளை நகர்த்தாது. வாரக்கணக்கில் விழுங்கினால் மூளை தானாகச் சமாளிக்கப் பழகுவதும் தள்ளிப்போகும்.

பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, ஒரு பக்கம் மரத்துப்போகிறது, தாங்க முடியாத தலைவலி திடீரென வந்தது: இதில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பார்க்கக் கூடாது. விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.