சாய்த்தும் திறக்கிற யன்னல்: உப்புக் காற்றில் அதன் பூட்டையும் பிணைச்சலையும் காப்பாற்றுவது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது அக்காவின் வீடு. அக்காவும் அத்தானும் ஜேர்மனியில். வீடு கட்டும்போது, அங்கே பழகின யன்னல்தான் இங்கேயும் வேண்டும் என்று அத்தான் ஒற்றைக் காலில் நின்று பன்னிரண்டு பிவிசி யன்னல்களைக் கொள்கலனில் இறக்கினார். வீட்டுச் சாவி என் கையில், யன்னல்கள் என் தலையில். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. அந்த ஊரில் இரும்பு என்ன பாடுபடும் என்று சொல்லவா வேண்டும்?

இப்போது நிலாவெளி வரைக்கும் விடுதிகளிலும் வெளிநாட்டுக்காரர் கட்டும் வீடுகளிலும் இந்த யன்னலைக் காண்கிறேன். பழுதென்றால் ஆள் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்கிறார்கள். அந்தப் பயணச் செலவைக் கேட்டால் யன்னலே வேண்டாம் என்றிருக்கும். ஆனால் ஒழுங்காகத் துடைத்து எண்ணெய் காட்டி வந்தால் ஆள் தேவைப்படுவது குறைவு. ஒரு யன்னலுக்கு அரைமணி நேர வேலைதான், உலர விடும் நேரம் வேறு.

யன்னலைத் தெரிந்துகொள்ளுங்கள்

கைபிடி கீழே பார்த்தால் பூட்டு. கிடையாகத் திருப்பினால் சாதாரண யன்னல் போல உள்பக்கம் திறக்கும். மேலே பார்க்கத் திருப்பினால் அடிப்பக்கம் அப்படியே நிற்க, மேல்பக்கம் மட்டும் கைமுட்டி நுழையும் அளவுக்கு உள்ளே சாயும். வெப்பக் காற்று வெளியே போகும், தூவானம் அவ்வளவாக உள்ளே வராது. இந்தப் பொறியை முதன்முதலில் தொழிற்சாலையில் செய்து விற்றவர் ஜேர்மனியின் வில்ஹெல்ம் பிராங்க், 1935 இல்.

யன்னலைத் திறந்து கதவின் விளிம்பைப் பாருங்கள். சுற்றிவர ஓர் உலோகப் பட்டை ஓடும். அதில் நீள்வட்டத் துளைகள் இருக்கும். அவற்றிலிருந்து காளான் தலை போலக் குமிழ்கள் எட்டிப் பார்க்கும். கைபிடியைத் திருப்பும்போது இந்தக் குமிழ்கள் நகர்ந்து, நிலையில் (சுவரில் பொருத்திய சட்டத்தில்) உள்ள கொளுவிகளுக்குள் புகுந்து கதவை இறுக்கிப் பிடிக்கின்றன. பிணைச்சல் பக்கத்தில், மேலே கத்தரிக்கோல் போல விரிகிற ஒரு நீட்டுக்கை. கீழ் மூலையில் பாரத்தைத் தாங்கும் பிணைச்சல்.

பாரம் என்று சும்மா சொல்லவில்லை. கண்ணாடி 1 மில்லிமீற்றர் தடிப்புக்கு, ஒரு சதுர மீற்றருக்கு 2.5 கிலோ வரும். இந்த யன்னல்களில் 4 மில்லிமீற்றர் கண்ணாடி இரண்டு என்றால் சதுர மீற்றருக்கு 20 கிலோ, சட்டம் வேறு. ஆகவே கதவைக் கழற்றும் யோசனை தனியாளுக்கு வேண்டவே வேண்டாம். நாம் செய்யப்போகிற எதற்கும் கதவைக் கழற்றத் தேவையில்லை.

எப்போது செய்வது?

குளிர்நாடுகளில் வருடத்துக்கு ஒரு தடவை போதும் என்பார்கள். நமக்கு இரண்டு. வாடை மழை தொடங்குமுன் புரட்டாதியில் ஒன்று, மழை ஓய்ந்து மாசியில் இன்னொன்று. வாடை கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும். கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து புழுதியைக் கொண்டுவரும். முதலாவது அரிக்கும், மற்றது எண்ணெயோடு சேர்ந்து அரத்தூள் மாதிரித் தேய்க்கும். கடலைப் பார்த்த யன்னல்களுக்கு மட்டும் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் ஒரு துடைப்பு கூடுதலாகக் கொடுங்கள்.

உள்ளே இருக்கும் இரும்புகள் பெரும்பாலும் நாகப் (துத்தநாகப்) பூச்சுக் கொடுத்த உருக்கு. வாங்கும்போது விவரத்தாளில் ஐரோப்பியத் தரம் ஈஎன் 1670, வகுப்பு 5 என்று இருக்கிறதா பாருங்கள். 480 மணிநேரம் உப்புநீர்ப் புகாருக்குள் வைத்துச் சோதித்த பொருள் என்று அர்த்தம். கணக்குப் பார்த்தால் 20 நாள். ஆய்வுகூடத்து 20 நாளை நம் கடற்கரை வருடங்களோடு ஒப்பிட முடியாதுதான், ஆனாலும் வகுப்பு 3 ஐ விட (அது வெறும் 96 மணிநேரம்) இது எவ்வளவோ மேல்.

தேவையானவை

ஒரு வாளி நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, பழைய ரீசேட் துணி இரண்டு மூன்று, பழைய பல்லு பிரஷ், பஞ்சுக் குச்சி, ஓர் ஈர்க்கு, தையல் மெசின் எண்ணெய், கொஞ்சம் வெள்ளைக் கிரீஸ் அல்லது வசலின், றப்பருக்குச் சிலிக்கன் ஸ்பிரே, ஸ்க்ரூ டிரைவர், 4 மில்லிமீற்றர் எலன் கீ (அறுகோண முனையுள்ள சாவி).

நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் உவர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை எடுத்தால் என்ன பயன்? கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

தேங்காய் எண்ணெயை அடுப்படியிலேயே விட்டுவிடுங்கள். முதல் வருடம் நான் அதைத்தான் பூசினேன். இரண்டு மாதத்தில் பிசின் போல இறுகி, எறும்பு வரிசை கட்டி, கைபிடி திரும்ப மறுத்தது. வினாகிரி, பிளீச், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதுவும் உலோகத்தில் படக்கூடாது. கம்பித் தும்பாலும் தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும்.

படி 1: புழுதியை உலர்வாக எடுங்கள்

யன்னலை முழுவதும் திறந்து, உலர்ந்த பிரஷால் பட்டை, கொளுவி, நிலையின் அடிப்பள்ளம் எல்லாவற்றையும் தட்டுங்கள். வக்கியூம் கிளீனர் இருந்தால் நல்லது. ஈரத்துணியோடு தொடங்கினால் மணல் சேறாகி மூலைகளில் போய் இறுகிவிடும்.

படி 2: உப்பைக் கழுவுங்கள்

இந்தப் பதிவில் ஒரு படியை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னிலேயே கரையும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே தண்ணீராகிவிடும். வாடைக் காலத்தில் காலை வேளைகளில் அதற்குக் குறைந்து இருப்பதே அபூர்வம். இப்படிக் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று நாள்முழுக்க உலோகத்தில் ஒட்டியிருக்கும். அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடினதுதான் மிச்சம். நான் இரண்டாம் வருடம் செய்த பிழை அது. மேலே பளபளப்பாக இருந்தது, பட்டையைத் துடைத்தபோது கீழே வெள்ளைப் பொடி.

சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உலோகம் முழுவதும் துடைக்கவும். குமிழ்களின் கழுத்துக்கு பல்லு பிரஷ், கொளுவிகளின் உள்பக்கத்துக்குப் பஞ்சுக் குச்சி. அப்புறம் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு தடவை. குழாயைப் பிடித்து அடிக்க வேண்டாம், கைபிடிப் பெட்டிக்குள் தண்ணீர் போனால் அதை வெளியே எடுக்க முடியாது. கடைசியாக உலர்துணியால் ஒற்றி எடுத்து, யன்னலை ஒரு மணிநேரம் திறந்தபடி விடுங்கள். வெயில் ஏறின பிறகு, காலை பத்து மணியளவில் தொடங்கினால் சுகம்.

வெள்ளைப் பொடி இருந்தால் பயப்பட வேண்டாம். அது நாகப் பூச்சு தன்னைக் கொடுத்து உருக்கைக் காக்கிற அடையாளம். பிரஷால் எடுத்துவிட்டு எண்ணெய் காட்டலாம். செம்மண் நிறத்தில் துரு வந்திருந்தால் பூச்சு முடிந்துவிட்டது. திருகாணித் தலைகளில் மட்டும் என்றால் அதே அளவு திருகாணியை 316 தர எவர்சில்வரில் வாங்கி மாற்றுங்கள். 304 கடற்கரையில் மெல்லப் பழுப்பேறும்.

படி 3: வடிதுளைகள்

நிலையின் அடிப்பள்ளத்தில் சிறு பிளவுகள் இருக்கும். உள்ளே புகும் மழைத்தண்ணீர் அவை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அரைக் குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு வெளியே எட்டிப் பாருங்கள். ஒழுகினால் சரி. தேங்கினால் ஈர்க்கால் குத்தி விடுங்கள். நம் ஊரில் இந்தத் துளைகளுக்குப் பெரிய எதிரி குளவி. மண்ணைக் குழைத்து வந்து அளவெடுத்தாற்போல அடைத்துவிடும். ஒரு கார்த்திகை மழையில் அக்காவின் சாமியறைக்குள் தண்ணீர் வந்தது. கூரை ஒழுக்கு என்று நினைத்து ஓடுகளை எல்லாம் பார்த்தோம். குற்றவாளி கடைசியில் சுண்டுவிரல் நகமளவு மண்கட்டி.

படி 4: எண்ணெயும் கிரீஸும்

பட்டையிலுள்ள ஒவ்வொரு நீள்வட்டத் துளையிலும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. மேல் நீட்டுக்கையின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி. கீழ்ப் பிணைச்சலிலும் அப்படியே. பிறகு கைபிடியை ஐந்தாறு தடவை மேலும் கீழும் திருப்புங்கள், எண்ணெய் உள்ளே பரவும். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை: கதவு திறந்திருக்கும்போது கைபிடி முழுதாகத் திரும்பாமல் ஒரு சிறு நெம்பு தடுக்கும். அது பிழையான திருப்பலைத் தடுக்க வைத்தது. விரலால் அதைக் கதவோடு அமர்த்திப் பிடித்துக்கொண்டு திருப்பவும், கைபிடியைக் கிடைநிலைக்குக் கொண்டுவந்த பிறகே விடவும்.

குமிழ்களிலும் கொளுவிகளிலும் பயறளவு கிரீஸ் தடவவும். மிஞ்சினதை துடைத்துவிடுங்கள். வழிய வழியப் பூசினால் கச்சானுக்குப் புழுதி பிடிக்கப் பொறி வைத்தது மாதிரி. துரு கழற்றும் மெல்லிய ஸ்பிரே தண்ணீரை விரட்டவும் இறுகினதை இளக்கவும் நல்லது. ஆனால் கெதியில் காய்ந்துவிடும், அதை எண்ணெய்க்குப் பதிலாக எண்ணக்கூடாது.

றப்பர் பட்டிகளில் எண்ணெயோ வசலினோ படக்கூடாது. இவை பெரும்பாலும் ஈபிடிஎம் என்கிற செயற்கை றப்பர் வகை. பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதி இளகும். துடைத்து உலர்த்தி, துணியில் சிலிக்கன் ஸ்பிரே அடித்து ஒருமுறை தடவினால் போதும்.

படி 5: இறுக்கமும் தளர்வும்

கைபிடி ஆடுகிறதா? அதன் அடியில் உள்ள மூடியைச் சற்று இழுத்துப் பக்கவாட்டில் திருப்பினால் இரண்டு ஆணிகள் தெரியும். கையாலேயே இறுக்குங்கள், மெசின் வேண்டாம்.

அடுத்தது கடதாசிச் சோதனை. ஒரு தாளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து யன்னலைப் பூட்டி இழுங்கள். இறுக்கிப் பிடித்தால் நல்லது. வழுக்கி வந்தால் அந்த இடத்துக் குமிழை எலன் கீயால் சிறிது திருப்ப வேண்டும். அதன் மையம் ஒருபக்கம் தள்ளியிருப்பதால் திருப்பும்போது கதவு நிலைக்குக் கிட்ட வரும். தொடங்குமுன் குமிழ் நிற்கும் விதத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

கதவு அடியில் உரசினால், கீழ்ப் பிணைச்சலின் பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் எலன் ஆணியை அரைச்சுற்றுத் திருப்பி, பூட்டிப் பாருங்கள். இன்னும் உரசினால் இன்னொரு அரைச்சுற்று. ஒரேயடியாக மூன்று நான்கு சுற்றுப் போனால் எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துபோகும்.

கதவு ஒரு மூலையில் தொங்கினால்

போன வருடம் ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் கத்தினா: "தம்பி, ஓடி வா, யன்னல் கழண்டு என்ர தலையில விழப்போகுது!" அவவின் மகன் கனடாவிலிருந்து வந்து பொருத்திய யன்னல். போய்ப் பார்த்தால், மாமி இரண்டு கையாலும் கதவைத் தாங்கிப் பிடித்தபடி நிற்கிறா. மேல் மூலை நிலையை விட்டு விலகி, கதவு சரிந்து நிற்கிறது. "மாமி, பயப்படாதேங்கோ, அது விழாது. கையை எடுக்காமல் அப்படியே நில்லுங்கோ."

நடந்தது இதுதான்: திறந்திருந்த கதவில் தடுப்பு நெம்பையும் மீறிக் கைபிடியை மேலே திருப்பிவிட்டா. பொறி இப்போது சாய்வு நிலையில், கதவோ திறந்த நிலையில். கீழ்ப் பிணைச்சலும் நீட்டுக்கையும் பிடித்திருப்பதால் விழாது, ஆனால் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும்.

சரிசெய்வது இப்படி. ஒருவர் கதவைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் பிணைச்சல் பக்கத்து மேல் மூலையை நிலையோடு சேர்த்து அழுத்த வேண்டும். நீட்டுக்கை மடங்கிப் படிந்தவுடன், தடுப்பு நெம்பை விரலால் அமர்த்திக்கொண்டு கைபிடியைக் கிடையாகத் திருப்புங்கள். பிறகு கதவைச் சாத்தி, கைபிடியைக் கீழே இறக்கிப் பூட்டுங்கள். பலம் போட வேண்டாம். திரும்பவில்லை என்றால் மூலை இன்னும் சரியாகப் படியவில்லை. மாமியின் யன்னல் மூன்றாம் தடவையில் "டக்" என்று சரியாகப் பொருந்தியது. உடனே தேத்தண்ணி வந்தது.

பெயின்ற் அடிக்கும் நாட்களில்

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சுவர் வேலை நடந்தால் உலோகப் பகுதிகளை ரேப்பால் மூடுங்கள். ஈரச் சீமெந்தும் சுண்ணாம்பும் நாகப் பூச்சைத் தின்னும். தெறித்தால் காயுமுன் துடையுங்கள். நிலையைச் சுற்றிச் சிலிக்கன் அடைப்பதாக இருந்தால், வினாகிரி மணம் வருகிற வகையை வாங்காதீர்கள். அது காயும்போது வெளிவிடும் அமிலமும் உலோகத்துக்குக் கூடாது.

நீட்டுக்கை வளைந்திருந்தாலோ, கைபிடி திருப்பியும் குமிழ்கள் நகராவிட்டாலோ, கீழ்ப் பிணைச்சலில் வெடிப்புத் தெரிந்தாலோ எலன் கீயைக் கீழே வைத்துவிடுங்கள். யன்னலைப் பூட்டியபடியே விட்டு, ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்பே, இன்றைக்குத் துடைக்கும்போதே, பட்டையிலும் நீட்டுக்கையிலும் பொறித்திருக்கும் எழுத்துகளையும் இலக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். உதிரிப்பாகம் தேடும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். துரு ஏறின பிறகு அதை வாசிக்க முடியாது.